மணவாளனின் முழுநீளப் படம்

காமெடி நடிகர் பூவராகனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் காலை, சாலிகிராமத்தில் பால் பாக்கெட் போடுகிறவர்கள் சைக்கிளை இன்னும் திருப்பியிராத வேளையில், மாப்பிள்ளை மணவாளன் தெருமுனையில் வந்து நின்றான். எதிலிருந்து இறங்கினான், எந்த வழியாக வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. தோளில் இரண்டு விரல் அளவுக்குத் தொங்குகிற சந்தன நிறப் பட்டுச் சட்டை, நெற்றியில் வியர்வையில் கரைந்த சந்தனம், ஒரு கையில் ஸ்வீட் பாக்ஸ், மறு கையில் இலையில் சுற்றிய மல்லிகைப்பூ. இட்லி மாவுக் கடை தேவிகா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கும்பிட்டு, "பொண்ணு பாக்க வந்திருக்கேங்க. அப்பா அம்மா பின்னாடி ஆட்டோவுல வர்றாங்க" என்றான்.

தேவிகா திடுக்கிடவில்லை. சாமி வேஷம் போட்டவர் கிரீடத்தைக் கழற்ற நேரமில்லாமல் ரேஷன் வரிசையில் நின்ற தெரு அது. சுடுகாட்டு சீன் முடித்த பிணம் மூக்கில் பஞ்சோடு வந்து டீ சொல்லிவிட்டுப் பேப்பர் படித்த தெரு. அங்கே ஒரு வேஷம் தன்னைப் போட்ட ஆள் செத்த பிறகும் நடமாடுகிறது என்றால், பாவம், அதற்குப் போக இடமில்லை போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். தேவிகாவும் அப்படித்தான் நினைத்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வாப்பா, உள்ள வந்து உக்காரு" என்றாள்.

அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊரே டிவி முன்னால் சாய்ந்திருக்கும்போது வருகிற 'வாங்க வயிறு வலிக்கட்டும்' நிகழ்ச்சியில், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற, பூவராகன் நடித்த ஒரு துண்டுதான் மாப்பிள்ளை மணவாளன். பெண் பார்க்க வருவான். பெற்றோர் பின்னால் ஆட்டோவில் வருவதாகச் சொல்வான். அப்பா அம்மா வேஷத்துக்கு ஆள் போட கம்பெனியிடம் வசதியில்லாததால் அந்த ஆட்டோ எந்த வாரமும் வந்து சேர்ந்ததில்லை. பெண் காபி கொண்டுவருவாள், அவனை ஏற இறங்கப் பார்ப்பாள், வேண்டாம் என்பாள், காரணமும் சொல்வாள். பேரில்தான் மணம் இருக்கிறது, ஆளிடம் இல்லை என்பாள். இவர் சிரித்தால் எங்கள் வீட்டு நாய் அழுகிறது என்பாள். வலது கால் முன்னே போனால் இடது கால் கோபித்துக்கொள்கிற மாதிரி நடக்கிறார் என்பாள். மணவாளன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பரவால்லைங்க, காபி நல்லா இருந்துச்சு" என்பான். ஊர் சிரிக்கும். காட்சி முடியும். அடுத்த வாரம் ஒன்றும் நடக்காதவன்போல் வேறொரு வாசலில் வந்து நிற்பான்.

தேவிகாவின் மூத்த மகளுக்குச் செவ்வாய் தோஷம். வந்த வரனெல்லாம் ஜாதகத்தோடு திரும்பிப் போயிருந்தது. அவள் கலைந்த தலையோடு வந்து காபியை நீட்டி, டிவியில் பார்த்த ஞாபகத்தில் சிரித்துக்கொண்டே, "இவர் மூக்கு நம்ம வீட்டு நிலைப்படியில இடிக்கும்மா, வேண்டாம்" என்றாள். மணவாளன் எழுந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம், ஜாதகமெல்லாம் பார்க்கிறதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து, பெண்ணைப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போனது. அடுத்து லைட்மேன் வீட்டில் அவனை வேண்டாமென்றார்கள், அங்கேயும் கொட்டுமேளம். கல்யாணத் தரகர் நாகப்பன் காதில் விழ இதற்குமேல் என்ன வேண்டும்? மணவாளனை வேண்டாமென்று சொன்ன பெண்ணுக்கு வரன் தானாக வரும் என்று அவர் டீக்கடையில் சொன்ன சொல், சாயங்காலத்துக்குள் வடபழனியைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்கப்புறம் அது ஒரு முறையாகிவிட்டது. வாசலில் கோலம் போட்டு, கிழக்குப் பார்த்து நாற்காலி போட்டு, புது டம்ளரில் காபி கொடுத்தார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் பலிக்கும் என்றார்கள். பூசை முடித்துவிட்டு மாதா கோயிலிலிருந்து நேரே வந்து கூட்டிப்போனார்கள். தசரதபுரத்தில் ஒரு வீட்டில் திரைக்குப் பின்னாலிருந்து பெரியம்மாக்காரி பெண்ணுக்காக வேண்டாம் என்றாள், அதுவும் பலித்தது. பையனைப் பெற்றவர்கள் மட்டும் தங்களுக்கு இப்படி ஒரு வசதியில்லையே என்று குறைப்பட்டார்கள். முதலில் ஜன்னலில் கூட்டம் கூடிச் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றுபோனது, ஏனென்றால் நவக்கிரகம் சுற்றும்போது யாரும் சிரிப்பதில்லை. நாகப்பன் காலையில் வந்து இன்றைக்கு இந்த வீடு, இந்த வீடு என்று சொல்லிவிட்டுப் போவார். மணவாளன் தலையாட்டிவிட்டுப் போவான், உட்காருவான், கேட்பான், எழுந்திருப்பான். அவன் எங்கே தூங்குகிறான், காபியைத் தவிர எதையாவது வயிற்றில் போடுகிறானா என்று யாரும் கேட்கவில்லை. வாசலைத் தாண்டியதும் அவன் ஆட்டோ வருகிறதா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பதை மட்டும் எல்லாரும் பார்த்திருந்தார்கள், பார்த்துப் பழகியிருந்தார்கள்.

இத்தனையும் நடக்கும்போது மங்கை தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

மங்கையர்க்கரசி என்று மதுரையில் வைத்த பெயர் சினிமாவுக்கு வந்து மங்கையாகச் சுருங்கி, அந்தச் சுருக்கமும் யாருக்கும் தெரியாமல் போய், அவளை எல்லாரும் 'வேண்டாம் பொண்ணு' என்றுதான் அழைத்தார்கள். வாராவாரம் மணவாளனை வேண்டாமென்று சொன்ன பெண்கள் எல்லாருமே அவள்தான். கண்ணாடி போட்டால் டீச்சர், கழற்றினால் கலெக்டர் மகள், பல்லை மாற்றினால் பண்ணையார் வீட்டுப் பெண், ஆள் ஒருத்திதான். ஷாட் முடிந்ததும் அவளும் பூவராகனும் செட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காட்சியில் மிச்சமான அந்தக் காபியைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள். அப்போதெல்லாம் பூவராகன் மணவாளனுடைய படத்தைப் பற்றித்தான் பேசுவார்.

"அவனுக்கு ஒரு முழுநீளப் படம் இருக்கு மங்கை. மூணு நிமிஷத்துல அடைச்சு வச்சிருக்காங்க. கதவைத் தாண்டினப்புறம் அவன் எங்க போவான், வீட்ல போய் என்ன சொல்லுவான், யாருக்காவது தெரியுமா?"

கதையை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. சொல்லிச் சொல்லியே வளர்த்தார். வீராணம் ஏரிக்கரையில் ஓர் ஊர். அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற அப்பா, நீச்சல் தெரிந்த அம்மா, சிரிப்பை அடக்கத் தெரியாத தங்கை. மணவாளன் ஊர் ஊராகப் போய் வேண்டாம் கேட்டுவிட்டு, கடைசியில் கல்யாண வயசு தாண்டிப்போன ஒருத்தி வீட்டுக்குப் போவான். அவளுக்கும் யாரும் இல்லை, அவளே காபி போட்டு அவளே எடுத்துவருவாள், அவனைப் பார்ப்பாள், பிடிச்சிருக்கு என்பாள். அந்த ஒரு சொல்லோடு படம் முடியும். தயாரிப்பாளர்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள், கடைசி சீனில் மட்டும் முகம் சுளித்தார்கள். அவளும் வேண்டாமென்று சொல்லட்டும், ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்றார்கள். பூவராகன் ஒத்துக்கொள்ளவில்லை. "வாராவாரம் சிரிச்சாங்கல்ல, ஒரு தடவை அழுதுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வருவார், அடுத்த கம்பெனிப் படியேறுவார்.

"கடைசி சீன்ல நீதான் இருக்கணும்" என்றார் ஒருநாள், டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு. "அந்தச் சொல்லை நீதான் சொல்லணும்."

அவர் எதைக் கேட்கிறார் என்பது மங்கைக்குப் புரிந்தது. புரிந்தது அவருக்கும் தெரிந்தது. "படம் வரட்டும், சொல்றேன்" என்றாள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமலே படத்துக்காகக் காத்திருந்தார்கள். தலையில் நரை வந்தது, நிகழ்ச்சியை நிறுத்தினார்கள், செட்டைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் ஜிம் வைத்தார்கள், அப்போதும் காத்திருந்தார்கள். பிறகு ஒரு மதியம், வேறு ஏதோ சீரியலில் அமாவாசைச் சாமியார் வேஷத்துக்கு மேக்கப் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்த பூவராகன், டச்சப் முடிந்து எழுப்பியபோது எழவில்லை. உடலை வீராணம் பக்கத்தில் தங்கை இருக்கிற சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். மங்கை ஆம்புலன்ஸ் கதவுவரை போய், கூட நடித்தவர்களோடு நின்று, மாலை வைத்துவிட்டு வந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வராததை நினைத்துப் பயந்தாள்.

அப்படியிருந்தவளின் வீட்டுக்கே ஒருநாள் அந்தக் குரல் வந்தது. கீழ்வீட்டுக் கௌசல்யாம்மா தன் மகள் பவித்ராவுக்காக மணவாளனை அழைத்திருந்தாள். பவித்ரா என்ன காரணம் சொன்னாளோ, மாடிக்குக் கேட்கவில்லை. "பரவால்லைங்க, காபி நல்லா இருந்துச்சு" என்பது மட்டும் தரை வழியாக ஏறிவந்து மங்கையின் பாதத்தில் பட்டது. பூவராகனின் குரலேதான், ஆனால் அந்தக் குரலின் அடியில் பூவராகன் எப்போதும் மறைத்து வைத்திருந்த சிரிப்பு இல்லை. அவள் படியிறங்கி ஓடினாள்.

அவன் கடைசிப் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பூவராகனின் முகம், பூவராகனின் காது, மோவாயில் பூவராகனின் தழும்பு. ஆனால் அவளை அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்களா?" என்றான். "எல்லா வீட்லயும் நீங்கதானே இருந்தீங்க. கண்ணாடி போட்டுட்டும் நீங்க, போடாமலும் நீங்க. வேற வேற பொண்ணுங்கன்னு நினைச்சுதான் ஒவ்வொரு வாசலுக்கும் நம்பிக்கையா வந்தேன். ஏங்க, என்னை அவ்வளவா பிடிக்கலை?"

"எழுதிக் குடுத்ததைச் சொன்னேன்" என்றாள் மங்கை. அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு போதாத பதில் என்று அவளுக்குத் தெரிந்தது.

"முன்னாடியெல்லாம் வெளிய வந்தா மறந்துடும். இப்ப மறக்க மாட்டேங்குது. எல்லாம் சேர்ந்துட்டே போகுது." செருப்பு வாரை இழுத்து மாட்டினான். பிறகு, நெடுநாளாகக் கேட்க நினைத்துக் கூச்சப்பட்டவன் மாதிரி, "எங்கப்பா பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றான்.

மங்கை அவனை மாடிக்கு அழைத்துப்போனாள். சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான். அதற்குமுன் அவன் சோறு தின்றதில்லை என்பது அவன் ரசத்தைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. அவள் சொன்னாள்: அப்பா பேர் கலியபெருமாள், அரிசி மில்லில் வேலை, தவிடு வாசம் அடிக்கிற துண்டு. அம்மா வீராணம் ஏரியில் அக்கரைவரை நீந்துவாள். தங்கை இழவு வீட்டில்கூடச் சிரித்துவிட்டு அடி வாங்குவாள். அவன் கேட்கக் கேட்க அவன் தோள் சட்டைக்குள் நிறைந்துகொண்டே வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். பூவராகன் சொன்னதையெல்லாம் அவள் சொன்னாள். சொல்லாமல் விட்ட இடங்களுக்கு, அவர் இருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று தானே இட்டு நிரப்பினாள். மதிய வெயில் தரையில் ஜன்னல் கம்பிகளைப் போட்டுவைக்க, அதன்மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கேட்கிற முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கதை சொல்லும்போது அவளும் இப்படித்தான் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. பேசுகிறவள் தானா, அவரா என்றுகூடச் சில நேரம் தெரியவில்லை.

தெருவில் பெண்கள் காத்திருந்தார்கள். நாகப்பன் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மாடிக்கு வந்தார். மணவாளன் அப்போது பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் பாட்டுக்கு உங்க வீட்ல வந்து உக்காந்துட்டா எங்க பொண்ணுங்க கதி என்ன? முகூர்த்த மாசம் வேற போயிட்டிருக்கு."

"அவருக்கு வலிக்குதுங்க" என்றாள் மங்கை.

"வலிக்காமலா இருக்கும்? யாருக்குதான் வலிக்கலை? ஒண்ணு பண்ணுங்க, நீங்களும் வாய்விட்டு ஒரு வேண்டாம் சொல்லி அனுப்பிடுங்க. உங்களுக்கும் நல்லது நடக்கும்ல."

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. கூட வந்த கௌசல்யாம்மாகூட ஆமாம் என்று அன்பாகத் தலையாட்டினாள்.

"வேற யாரையும்விட நான்தாங்க அவரை அதிகமா வேண்டாம்னு சொல்லியிருக்கேன்" என்றாள் மங்கை. "எனக்கு ஒண்ணும் நடக்கலை."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்.

மணவாளன் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தான். "கதையில மிச்சம் என்னங்க? இன்னும் முடிவு சொல்லலையே."

அவள் சமையலறைக்குப் போனாள். பால் பொங்கும்வரை நின்றாள். டிகாஷனை ஊற்றிக் கலந்து, முந்தானையால் டம்ளரின் அடியைத் துடைத்து எடுத்துவந்தாள். தலையில் பூ இல்லை, முகத்தில் மேக்கப் இல்லை, வயசு தெரிந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காபியை அவன் கையில் கொடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். காத்திருந்த காலமெல்லாம் நாக்கின் நுனியில் வைத்திருந்த சொல்லைச் சொன்னாள்.

"பிடிச்சிருக்கு."

அவன் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தான். காபியில் ஆடை படிந்தது. வெளியே ஒரு ஆட்டோ வந்து, நிற்காமல் போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் படம் முடிஞ்சிடும்னு அவர் சொன்னார்."

"அவர் சொன்னார்" என்றான் மணவாளன், மெதுவாக. டம்ளரைத் தரையில் வைத்தான். "கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். இப்ப என்னைப் பாத்தா சொன்னீங்க?"

மங்கை தரையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"என் முகத்துல அவர் எங்க இருக்காருன்னு தேடிட்டே சொன்னீங்க. இந்தத் தெருவுல என்னை வேண்டாம்னு சொன்னவங்க ஒவ்வொருத்தரும் என்னைப் பாத்துத்தாங்க சொன்னாங்க. பிடிச்சிருக்குன்னு சொன்னவங்க ஒருத்தங்கதான். அவங்க என்னைப் பாக்கலை."

"அப்படியில்ல..." என்று ஆரம்பித்தாள். அப்படித்தான். பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவன் எழுந்தான். வழக்கமாக எழுந்ததும் வருகிற வாக்கியம் வரவில்லை. அது வராத இடத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தனக்குள்ளேயே தேடுகிறவன் போல நின்றான். அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்காத முதல் சொல் அதுதான், அதனால் வெளியே வரச் சற்று நேரமாயிற்று.

"வேண்டாங்க" என்றான். "மன்னிச்சுக்கங்க. எனக்கு இது வேண்டாம். இது அவருக்குச் சொல்ல வேண்டியது."

காரணம் என்று கேலியாக ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கும்பிட்டான். தொங்கிக்கொண்டிருந்த சட்டைக் கையை முழங்கைவரை மடித்து விட்டுக்கொண்டான். வாசலில் நின்று, வீராணத்துக்கு எந்த பஸ் என்று கேட்டான். கிளாம்பாக்கம் போய்க் காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறணும் என்றாள். அவன் படியிறங்கிப் போனான். தெருவில் நாகப்பன் கூப்பிட்டார், தேவிகா கூப்பிட்டாள், கோலம் போட்டுக் காத்திருந்த வீட்டுக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாருக்கும் நின்று பதில் சொல்லாமல், இரண்டு பக்கமும் பார்க்காமல் நேரே நடந்து, தண்ணீர் லாரிக்குப் பின்னால் மறைந்தான். கொஞ்ச நாள் அவனைப் பற்றிப் பேசினார்கள். பிறகு திருவேற்காட்டில் ஒரு மரத்தில் மஞ்சள் கயிறு கட்டினால் நடக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போக ஆரம்பித்தார்கள்.

மங்கை அந்த நாற்காலியை நகர்த்தாமல் விட்டிருந்தாள். வேண்டாம் என்ற சொல்லை ஆயிரம் விதமாகச் சொல்லியிருக்கிறாள். அதை வாங்கிக்கொண்டவர்கள் அதற்கப்புறம் என்ன செய்வார்கள் என்று யோசித்ததில்லை. கதவைத் திறக்கிறார்கள், குழாயைத் திருகுகிறார்கள், பாத்திரத்தைக் கழுவுகிறார்கள், அவ்வளவுதான் என்று இப்போது தெரிந்தது. கழுவிக்கொண்டிருக்கும்போது ஒருநாள், பூவராகன் இறந்துவிட்டார் என்பதும் தெரிந்தது. அவர் முகத்தோடு தெருவில் ஒருவன் நடமாடியவரை தெரியாமலே இருந்திருக்கிறது. குழாயை நிறுத்திவிட்டு, இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு அவர் ஊருக்குக் கிளம்பினாள்.

பஸ் சேத்தியாத்தோப்பு தாண்டி ஏரிக்கரைமேல் ஏறியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒரு பக்கம் கண் போகும்வரை தண்ணீர், மறு பக்கம் பள்ளத்தில் வயல். எதிரே ஒருவன் கேரியரில் தவிட்டு மூட்டை கட்டிய சைக்கிளை எழும்பி எழும்பி மிதித்து வந்தான். பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தில் துண்டு. மோவாயில் அந்தத் தழும்பு. மீசையில் புதிதாக நரை விழுந்திருந்தது, உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. பின்னால் ஓடிவந்த பெண்ணொருத்தி என்னமோ கத்திச் சொல்ல, திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பூவராகனுடையது இல்லை, டிவியில் வந்ததும் இல்லை, அவளுக்குத் தெரியாத யாரோ ஒரு ஆளுடையது. பஸ்ஸுக்காக ஓரம் ஒதுங்கி, புழுதி போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மங்கை கூப்பிடவில்லை. அவனுக்கு நேரமிருக்கிறது, படம் ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் நடுவில் எழுந்து மறைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

பூவராகனின் தங்கை வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, அந்த அம்மாள், ரங்கநாயகி என்று பெயர், வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல் நிமிர்ந்து, "யாரும்மா?" என்றாள்.

கூட நடிச்சவ என்று சொல்லத்தான் மங்கை பஸ்ஸில் நினைத்து வந்தாள்.

"உங்க அண்ணன் என்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தார்" என்றாள். "பதில் சொல்லாமலே இருந்துட்டேன். அதுக்குத்தான் வந்தேன்."

ரங்கநாயகி அவளையே பார்த்தாள். என்ன கேட்டார், என்ன பதில் என்று விசாரிக்கவில்லை. முறம் கையிலிருந்து சரிந்து உளுந்து மண்ணில் ஓடியது. எழுந்து வந்து, தூசி ஒட்டிய இரண்டு கையாலும் மங்கையின் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவளைக் கட்டிக்கொண்டு அழுகிற வழக்கப்படி பெருங்குரலெடுத்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அண்ணி! எல்லாம் முடிஞ்சப்புறந்தான் வழி தெரிஞ்சுதா!"

பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் எழுந்து வரத் தொடங்கினார்கள். மங்கைக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்த அம்மாள் தன்னை அண்ணி என்று கூப்பிடுவது கேட்டது, அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.